இரட்டைக் கதவுக்கு எந்தப் பூட்டு?

கேள்வி: எங்கள் வீடு கடலூரில், கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்பா 1991இல் கட்டியது. வாசலில் தேக்கு இரட்டைக் கதவு, அதில் திண்டுக்கல்லில் வாங்கிப் போட்ட பழைய பூட்டு. சாவி சில நாள் சுற்றவே மாட்டேன் என்கிறது. பின்கட்டில் சாதாரண பிளைவுட் கதவு, வெளியே அல்டிராப் (குறுக்கே தள்ளிப் போடும் இரும்புத் தாழ்) போட்டுத் தொங்கு பூட்டு மாட்டுகிறோம். போன மாதம் எதிர்த் தெருவில் பூட்டிய வீட்டில் திருட்டு நடந்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. பெங்களூரில் இருக்கும் மகன் விரல் ரேகைப் பூட்டு போடலாம் என்கிறான். ஆசாரி கதவைக் குடைந்து உள்ளே வைக்கும் மார்ட்டிஸ் லாக் என்கிறார். கடைக்காரர் மூன்று தாழ் போகும் பூட்டைக் காட்டுகிறார். வீட்டில் நானும் 78 வயது அப்பாவும்தான். மாதத்தில் நாலைந்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போக வேண்டியிருக்கிறது. 15,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். எது பாதுகாப்பு, எது ரொம்ப நாள் உழைக்கும்?

— ஒரு வாசகி, கடலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். வாசல் கதவுக்கு மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். பின்கட்டுக் கதவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அதுதான். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

திண்டுக்கல்லில் ஒரு பட்டறையில் தொழில் கற்றவன் நான். 26 வருடமாகப் பூட்டும் கதவுச் சாமானும்தான் என் பிழைப்பு. திருட்டுப் போன வீட்டுக்கு மறுநாள் காலையில் கதவைச் சரிசெய்யப் போன அனுபவம் நிறைய உண்டு. அப்படி ஒரு வீட்டில் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கடைக்காரர் உங்களுக்குக் காட்டியது போன்ற மூன்று தாழ் பூட்டுதான் அங்கேயும். கதவு உள்ளே தள்ளித் திறந்து கிடந்தது. பூட்டு மட்டும் பூட்டியபடியே இருந்தது. மூன்று தாழும் முழுதாக வெளியே நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நின்றன. அந்தத் தாழ்கள் போய் உட்கார வேண்டிய இரும்புக் கூடு, நிலையிலிருந்து பிய்ந்து தரையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். நாலு ஸ்க்ரூ, ஒவ்வொன்றும் அரை அங்குலம். அவற்றின் மரைகளில் மரத்தூள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. விலை உயர்ந்த பூட்டை அந்த நாலு சின்ன ஸ்க்ரூ கைவிட்டுவிட்டது.

நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இதே கதைதான். கம்பியை விட்டு நோண்டிச் சாவித் துளை வழியாகத் திறந்தவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்புகிறார்கள். அப்போது பூட்டு உடைவதில்லை, மரம்தான் பிய்கிறது. அதனால் எந்தப் பூட்டு என்று கேட்பதற்கு முன்னால், தாழ் எவ்வளவு தூரம் வெளியே வருகிறது, போய் எதில் உட்காருகிறது என்று பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் பின்கட்டுக் கதவு. அல்டிராப்பைக் கதவில் பிடித்திருக்கும் ஸ்க்ரூத் தலைகள் வெளியே தெரிகின்றனவா? தெரிந்தால், ஒரு திருப்புளி இருந்தாலே போதும், பூட்டைத் தொடாமல் அல்டிராப்பையே கழற்றி வைத்துவிடலாம். தொங்கு பூட்டு எவ்வளவு கனமாக இருந்தாலும் இதற்கு மருந்தில்லை. இன்னொன்று, வெளியே தொங்கும் பூட்டு ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று தெருவுக்கே சொல்லிவிடும்.

நம் பழைய வீடுகளில் கதவுக்குப் பின்னால் குறுக்குக் கட்டை போடுவார்கள், நினைவிருக்கிறதா? அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். கதவின் இரு பக்கமும் சுவரில் கொக்கி மாதிரி வளைத்த இரும்புத் தாங்கி இரண்டு. அவற்றின் மேல் குறுக்கே ஒரு கனமான இரும்புப் பட்டையோ சதுரக் குழாயோ. ஊரில் எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து தருவார்கள். தாங்கியை நிலையில் அடிக்காமல், சுவருக்குள் ஆழமாகப் போகும் விரியும் போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். பின்கதவை உள்ளிருந்து இப்படி அடைத்துவிட்டு முன்வாசல் வழியாக வெளியே போங்கள். பின்பக்கம் பூட்டும் கிடையாது, சாவித் துளையும் கிடையாது, வெளியிலிருந்து பிடித்து நெம்ப ஒன்றுமே இருக்காது. பட்டைக்கும் கதவுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது உள்பக்கம் திறக்கும் கதவுக்கு. உங்கள் பின்கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால், குறுக்குப் பட்டையைக் கதவோடு பிணைத்தால்தான் பயன். அப்படிப்பட்ட கதவில் கீல் வெளியே இருக்கும். கீலின் ஊசியைத் தட்டி எடுத்துவிட்டால் பூட்டிருந்தும் பிரயோசனம் இல்லை. அதற்குச் சுலபமான வேலை ஒன்று உண்டு. கீல் இருக்கும் பக்கத்தில் கதவின் விளிம்பில் தடித்த ஸ்க்ரூ இரண்டு ஏற்றி, தலையை வெட்டிவிட்டு, அந்த முனை போய் நுழைய நிலையில் துளை போட வேண்டும். கதவு சாத்தியிருக்கும்போது கீலையே கழற்றினாலும் அந்தப் பக்கம் அசையாது. அல்டிராப் இருந்தே ஆக வேண்டும் என்றால் ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, தலை வழுவழுவென்று இருக்கும் போல்ட்டைக் கதவின் ஊடாகப் போட்டு உள்பக்கம் நட் முடுக்கச் சொல்லுங்கள்.

சரி, வாசல் கதவுக்கு வருவோம். இரட்டைக் கதவு என்று எழுதியிருக்கிறீர்கள். மகன், ஆசாரி, கடைக்காரர் மூவருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். ஒற்றைக் கதவில் பூட்டின் தாழ் நிலைக்குள் போகிறது. நிலை சுவரோடு சேர்ந்தது. இரட்டைக் கதவிலோ தாழ் அடுத்த கதவுக்குள் போகிறது. அந்த அடுத்த கதவைப் பிடித்திருப்பது மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், அவ்வளவுதான். நீங்கள் எந்தப் பூட்டு போட்டாலும் அதன் பலம் அந்த இரண்டு தாழ்ப்பாள்களின் பலம்தான்.

இன்று ராத்திரி ஒரு சோதனை செய்து பாருங்கள். கதவை வழக்கம்போலப் பூட்டிவிட்டு, இரண்டு கதவும் சேரும் இடத்தில் உள்ளங்கையை வைத்து நன்றாகத் தள்ளுங்கள். கதவு முன்னும் பின்னும் அசைந்தால், அந்த இடைவெளிதான் கடப்பாரை நுழையும் இடம். அப்புறம் கீழ்த் தாழ்ப்பாள் தரையில் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் தரையில் போட்ட துளை மண் அடைத்துப் போய்க் கால் அங்குலம்கூட இறங்காது. பெருக்கும்போது மண் போய் அதில் விழுந்துகொண்டே இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. துளையை ஒன்றரை அங்குலம் ஆழமாக்கி, ஒரு பித்தளைக் குழாயை அதில் இறக்கிச் சிமெண்ட் வையுங்கள். மேலே நிலையிலும் அதே மாதிரி. பழைய தாழ்ப்பாள் மெல்லிய தகடாக இருந்தால், 12 அங்குல நீளத்தில் கனமான கம்பி உள்ளதாக மாற்றிவிடுங்கள். நான் உங்கள் வீட்டுக்கு வந்தால் முதல் அரை நாள் இந்த வேலைக்குத்தான் போகும்.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் எந்தப் பூட்டு என்ற கேள்வி. உங்கள் பழைய பூட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது லீவர் பூட்டாகத்தான் இருக்கும். மூடியைக் கழற்றினால் உள்ளே பித்தளைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய வில். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு தகட்டைத் தூக்கும். எல்லாத் தகடும் அதனதன் உயரத்துக்கு, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், எழும்பினால்தான் நடுவில் உள்ள வெட்டுகள் நேராக நின்று தாழுக்கு வழி விடும். இந்த ‘கூடவும் கூடாது, குறையவும் கூடாது’ என்ற யோசனை 1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் என்பவர் கொண்டுவந்தது. திண்டுக்கல் தொழிலாளிகள் அதைக் கையாலேயே, அரத்தால் ராவி ராவிச் செய்தார்கள். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்களுக்கெல்லாம் அது வீட்டு விசேஷம் மாதிரி இருந்தது.

உங்கள் சாவி சுற்ற மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, வருடக்கணக்காக ஊற்றிய தேங்காய் எண்ணெய். அது தூசியோடும் உப்புக் காற்றோடும் சேர்ந்து பசையாகித் தகடுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்துவிடும். இரண்டு, சாவியின் பல் தேய்ந்திருக்கும். நல்ல பூட்டு வேலைக்காரரிடம் கொடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, வில்களை மாற்றச் சொல்லுங்கள். புதுச் சாவியைப் பழைய சாவியைப் பார்த்து வெட்டக் கூடாது. தேய்ந்த சாவிக்கு நகல் எடுத்தால் தேய்மானத்துக்கும் சேர்த்துத்தான் நகல் கிடைக்கும். பூட்டைத் திறந்து தகடுகளின் அளவுக்கு வெட்டித் தர வேண்டும். இது தெரிந்தவரா என்று கேட்டுவிட்டே கொடுங்கள். இப்படிச் செய்தால் அந்தப் பூட்டு இன்னும் இருபது வருடம் தாராளமாக ஓடும்.

கடைக்காரர் காட்டிய மூன்று தாழ் பூட்டில் சிலிண்டர் இருக்கும். தட்டைச் சாவி போட்டு, உள்ளே சின்னச் சின்ன ஊசிகள் மேலும் கீழும் போய் நிற்கும் வகை. லைனஸ் யேல் 1861இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு, இன்றைக்கும் உலகம் முழுக்க அதுதான். லீவர் பூட்டா சிலிண்டரா, எது உசத்தி என்று சண்டை போடத் தேவையில்லை. நல்ல லீவர் பூட்டும் நல்ல சிலிண்டரும் வீட்டுக்குப் போதுமானவை. 1851இல் லண்டன் கண்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், அதுவரை யாரும் திறக்க முடியாது என்றிருந்த, ‘சப்’ (Chubb) என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பூட்டைத் திறந்து காட்டினார். திறக்கவே முடியாத பூட்டு என்று ஒன்று கிடையாது. ஆனால் உங்கள் தெருவுக்கு வரும் திருடன் ஹாப்ஸ் இல்லை. அவனிடம் இருப்பது ஐந்து நிமிடமும் ஒரு கடப்பாரையும்.

சிலிண்டர் பூட்டில் ஒரு நல்ல வசதி உண்டு. சாவி தொலைந்தாலோ, வேலைக்காரர் கையில் சிக்கியதோ என்று சந்தேகம் வந்தாலோ, பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டாம், சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். ஆகவே என் யோசனை: பழைய லீவர் பூட்டை வைத்துக்கொண்டே, அதற்கு ஒன்றரை அடி மேலே மூன்று தாழ் பூட்டையும் உள்பக்கம் போடுங்கள். கூடவே தரும் அரை அங்குல ஸ்க்ரூக்களை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, தேக்குக் கதவின் கனத்துக்குத் தகுந்த மிக நீளமான ஸ்க்ரூவைப் போடச் சொல்லுங்கள். தாழ் உட்காரும் கூட்டுக்கு, அடுத்த கதவின் ஊடாகப் போகும் போல்ட் குறைந்தது இரண்டு வேண்டும். அப்புறம், வெளியே போகும்போது கதவை இழுத்துச் சாத்தியதும் ‘டக்’ என்று கேட்டால் பூட்டியாயிற்று என்று நினைக்காதீர்கள். அது வளைந்த நாக்கு விழுந்த சத்தம்தான். சில பூட்டுகளில் அதை ஒரு பிளாஸ்டிக் அட்டையால் தள்ளிவிடலாம். சாவியை எத்தனை சுற்று சுற்ற முடியுமோ அத்தனையும் சுற்றி, தாழை முழுவதும் வெளியே கொண்டுவாருங்கள்.

ஆசாரி சொல்வது தவறு என்று சொல்ல மாட்டேன். மார்ட்டிஸ் லாக் கதவின் கனத்துக்குள்ளேயே உட்காருவதால் வெளியிலிருந்து கைவைக்க இடம் இருக்காது, பார்க்கவும் அழகு. புது வீட்டில், கனமான ஒற்றைக் கதவில் நானே அதைத்தான் போடுவேன். ஆனால் பூட்டுப் பெட்டி 16 மி.மீ. கனம் என்று வையுங்கள். 35 மி.மீ. கதவில் அதற்குக் குழி வெட்டினால் இரு பக்கமும் ஒன்பதரை மி.மீ. மரம்தான் மிஞ்சும். முப்பது வருடம் தாங்கிய தேக்குக் கதவை, மிகவும் பலம் வேண்டிய இடத்தில் குடைந்து மெலிய வைப்பது எனக்குச் சம்மதமில்லை. போதாததற்கு, இரட்டைக் கதவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும் விளிம்புக்கு ஏற்ற தனிச் சாமான் வேண்டும். அது இல்லாமல் ஒப்பேற்றினால் சில மாதத்தில் தாழ் உரசத் தொடங்கும். எங்காவது மார்ட்டிஸ் போட்டே ஆக வேண்டுமென்றால் ஒன்றைக் கவனியுங்கள். சிலிண்டர் வெளித் தகட்டைவிட்டு இரண்டு மூன்று மி.மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டியிருந்தால் பிடித்துத் திருகி நடுவில் உடைத்துவிடுவார்கள்.

மகனின் விரல் ரேகைப் பூட்டு. உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் அவர் சொல்கிறார். அவர் இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு அது நல்ல பூட்டு. வேலைக்கு வருகிறவருக்குத் தனி எண் கொடுக்கலாம், வேலையை விட்டுப் போனதும் அந்த எண்ணை அழிக்கலாம், சாவி தொலையும் கவலை இல்லை. மின்சாரம் போனால் திறக்காது என்று பலர் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் வேண்டாம். பெரும்பாலானவை நாலு பென்சில் பேட்டரியில் ஓடும், தீரப்போகும்போது முன்கூட்டியே சத்தம் கொடுக்கும், அப்படியும் தீர்ந்துவிட்டால் வெளியே பவர் பேங்கையோ ஒன்பது வோல்ட் பேட்டரியையோ வைத்துத் திறக்க வழி இருக்கும்.

ஆனால் உங்கள் வாசலில் அது வேண்டாம் என்பேன். அதன் தாழைத் தள்ளுவது ஒரு சின்ன மோட்டார். மழைக்காலத்தில் மரம் ஊதி இரட்டைக் கதவு கொஞ்சம் இறங்கினால், நாம் கதவைத் தூக்கிப் பிடித்துச் சாவியைச் சுற்றிவிடுவோம். மோட்டாருக்கு அது தெரியாது. முக்கி முக்கிப் பேட்டரியைத் தீர்த்துவிட்டு நின்றுவிடும். கடல் உப்பு பித்தளையையே பச்சையாக்கும், உள்ளே இருக்கும் மின்பலகையை விட்டுவைக்காது. அடுத்தது அப்பா. வயதானவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்து வழவழப்பாகிவிடும். என் வாடிக்கையாளர் ஒருவரின் அம்மா தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஐந்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே மனசு சங்கடப்பட்டது. தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி இருந்தால் இன்னும் மோசம். காலையில் பேப்பர் எடுக்க அப்பா வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டால் என்ன செய்வார்? அந்தப் பூட்டிலும் அவசரத்துக்கு ஒரு சாவித் துளை இருக்கும். மலிவான மாடல்களில் அந்தச் சிலிண்டர் மிகச் சாதாரணமாக இருப்பதுண்டு. மகனுக்கு மனத் திருப்தி வேண்டுமென்றால், அந்தப் பணத்தில் வாசலில் ஒரு கேமராவும், இரவில் ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்கும் போடச் சொல்லுங்கள்.

கடையில் சாமான் வாங்கும்போது கையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். ‘பித்தளை’ என்று தருவதில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். உங்கள் ஊர்க் காற்றில் ஒரே வருடத்தில் துருவைக் காட்டிவிடும். சிலிண்டருக்கு எண்ணெய் எதுவும் வேண்டாம். கிராஃபைட் பொடி கொஞ்சம் ஊதிவிடுங்கள். கிடைக்காவிட்டால் பென்சில் கரியைச் சுரண்டிச் சாவியில் தடவி நாலு தரம் போட்டு எடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, ஒன்று ஐப்பசி மழைக்கு முன்னால்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. திருடன் உள்ளே வரக் கூடாது என்று யோசிக்கும்போதே, நீங்கள் வெளியே வர வேண்டிய நேரத்தையும் யோசிக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கேஸ் கசிந்தாலோ, அப்பாவுக்கு நெஞ்சு வலித்தாலோ, இருட்டில் சாவி தேடக் கூடாது. அதனால் புதுப் பூட்டு உள்பக்கம் சாவி இல்லாமல் குமிழைத் திருகித் திறப்பதாக இருக்கட்டும். பக்கத்து ஜன்னல் வழியாகக் கையை விட்டு அந்தக் குமிழைத் தொட முடியாதபடி ஜன்னல் கம்பிக்கு வலை அடித்துவிடுங்கள். பின்கதவுக் குறுக்குப் பட்டை அப்பா ஒரு கையால் தூக்கக்கூடிய கனத்தில் இருக்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு துண்டுக் குழாயை அவர் கையில் கொடுத்துத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். குளியலறையில் உள்ளே தாழ்ப்பாள் இருந்தால் எடுத்துவிட்டு, வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கும் குமிழ்ப் பூட்டு போடுங்கள். இந்தக் குமிழ்ப் பூட்டு வாசலுக்கு ஆகாது, குளியலறைதான் அதற்குச் சரியான இடம்.

மாற்றுச் சாவி ஒன்றை நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். பூந்தொட்டிக்கு அடியிலும் மீட்டர் பெட்டியிலும் வைப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். சாவியில் பொறித்திருக்கும் எண்ணைப் படமெடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். வெளியூர் போகும் நாளில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் தேதியைச் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வரும்போது பார்த்துக்கொள்வார்கள்.

நான் சொன்ன வேலைகள் எல்லாம் உங்கள் 15,000க்குள் அடங்கும் என்று நம்புகிறேன். ஒரேயடியாக முடியாவிட்டால் பின்கதவுப் பட்டையையும் வாசல் கதவின் மேல் கீழ்த் தாழ்ப்பாள்களையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள், பூட்டு அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம். பின்கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, நிலை மரமா சிமெண்ட்டா என்று எழுதுங்கள். பட்டைக்குச் சரியான அளவு போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பூட்டு வேலைக்காரன்